கம்ப்யூட்டர்ல தேவையில்லாம வர்ற நோட்டிஃபிகேஷன்: எங்கிருந்து வருதுன்னு பாத்து நிறுத்துறது எப்படி

நோட்டிஃபிகேஷன் தொல்லை தாங்கலன்னா முக்கால்வாசி பேர் முதல்ல பண்றது செட்டிங்ஸுக்குள்ள போய் மெயின் ஸ்விட்ச்சையே ஆஃப் பண்றதுதான். கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கும், அப்புறம் மீட்டிங் ரிமைண்டர் வராம போகும், பேக்கப் நின்னு போனது தெரியாது, சரின்னு திரும்ப ஆன் பண்ணுவாங்க, பழைய தொல்லை அத்தனையும் அப்படியே வந்து நிக்கும். அதனால யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான், எதையும் ஆஃப் பண்றதுக்கு முன்னாடி அதை அனுப்புறது யாருன்னு பாருங்க. ஆள் யாருன்னு தெரிஞ்சுட்டா அதை மட்டும் நிறுத்துறது ரெண்டு நிமிஷ வேலை, தெரியாம தேடினா நாள் பூரா செட்டிங்ஸ்லயே சுத்திட்டு இருப்பீங்க.

கீழ சொல்றது பெரும்பாலும் விண்டோஸ் 11க்கு, விண்டோஸ் 10ல எங்க மாறுதோ அங்க சொல்லிடறேன், மேக்குக்கு பின்னாடி தனியா இருக்கு. பிரவுசர் பத்தி சொல்றது எல்லாருக்கும் பொது. மெனு பேரெல்லாம் வெர்ஷனுக்கு வெர்ஷன் கொஞ்சம் இடம் மாறும், கண்ணுல படலன்னா செட்டிங்ஸ்ல இருக்க சர்ச் பாக்ஸ்ல நோட்டிஃபிகேஷன்னு தேடுங்க, நேரா அங்க கொண்டுபோய் விட்டுடும்.

முதல்ல யார் அனுப்புறாங்கன்னு பாக்கறது

வலது பக்கம் கீழ் மூலையில ஒரு பெட்டி வந்துச்சுன்னா அதுல என்ன எழுதியிருக்குன்னு அப்புறம் படிங்க, முதல்ல அதோட மேல் ஓரத்தை பாருங்க. சின்னதா ஒரு ஐகானும் பேரும் இருக்கும், அவுட்லுக், டீம்ஸ், ஒன்டிரைவ், குரோம் இந்த மாதிரி. பிரவுசர் பேர் இருந்தா மெசேஜ் பக்கத்துலயோ கீழயோ மங்கலான எழுத்துல ஒரு சைட் அட்ரஸும் இருக்கும். அந்த சைட்தான் அனுப்பின ஆள், பிரவுசர் வெறும் தபால்காரர்.

விண்டோஸ்ல இந்த பெட்டி சாதாரணமா 5 செகண்ட்தான் நிக்கும், அதுக்குள்ள பாக்கலன்னா பரவாயில்ல, விண்டோஸ் கீயையும் N எழுத்தையும் சேத்து அழுத்துங்க (விண்டோஸ் 10ல Nக்கு பதிலா A), வந்ததெல்லாம் அங்க வரிசையா நிக்கும். படிக்கவே நேரம் பத்தலன்னா செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் போனா அந்த 5 செகண்டை 5 நிமிஷம் வரைக்கும் நீட்டிக்கலாம். வயசானவங்க கம்ப்யூட்டர்ல 15 செகண்ட், 30 செகண்ட் வச்சுக் கொடுங்க, அவசரத்துல எதையாவது அழுத்துறது நல்லாவே குறையும்.

அந்த லிஸ்ட்ல அது இருக்கா இல்லையாங்கறதுலயே பாதி பதில் கிடைச்சிடும். இருந்தா அது விண்டோஸ் வழியா வந்த நோட்டிஃபிகேஷன், செட்டிங்ஸ்லயோ பிரவுசர்லயோ நிறுத்திடலாம். ஸ்கிரீன்ல வந்துச்சு ஆனா லிஸ்ட்ல காணோம்னா அது பெரும்பாலும் நோட்டிஃபிகேஷனே இல்ல, ஏதோ ஒரு சாஃப்ட்வேர் தானா திறந்த விண்டோவா இருக்கும், இல்லன்னா ஒரு வெப் பேஜா இருக்கும். இது தெரியாமதான் நிறைய பேர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன் இன்னும் வருதேன்னு தலையை பிச்சுக்கறாங்க.

மூலையில "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்"னு வருது

இதைப் பத்திதான் அதிகமா சொல்லணும், ஏன்னா இதைப் பாத்து பயந்து காசை விடறவங்க நிஜமாவே இருக்காங்க. 5 வைரஸ் இருக்கு, லைசென்ஸ் இன்னிக்கோட முடியுது, உடனே ஸ்கேன் பண்ணுங்கன்னு சிவப்பு ஐகானோட வரும், ஏதாவது ஒரு பிரபலமான ஆன்டிவைரஸ் லோகோ மாதிரியே ஒண்ணு ஒட்டியிருக்கும். மேல் ஓரத்துல குரோம்னோ எட்ஜ்னோ போட்டு, கூடவே சம்பந்தமே இல்லாத ஒரு சைட் பேர் இருந்தா அது பொய், யோசிக்கவே வேண்டாம். பிரவுசர்ல திறக்கற ஒரு சைட்டால உங்க ஹார்ட் டிஸ்க்கை ஸ்கேன் பண்ணி வைரஸை எண்ணிச் சொல்ல முடியாது. நிஜமான எச்சரிக்கை விண்டோஸ் செக்யூரிட்டிங்கற பேர்லயோ நீங்க போட்டிருக்க ஆன்டிவைரஸ் பேர்லயோதான் வரும். சந்தேகமா இருந்தா அந்த பெட்டியை தொடாம ஸ்டார்ட் மெனுவுல விண்டோஸ் செக்யூரிட்டியை நீங்களே திறந்து பாருங்க, நிஜமா ஏதாவது இருந்தா அங்க இருக்கும்.

இது எப்படி உள்ள வந்துச்சுன்னா, ஏதோ ஒரு சைட்ல "நீங்க ரோபோ இல்லன்னு காட்ட அலவ் அழுத்துங்க" இல்லன்னா "வீடியோ ஓடணும்னா அலவ் அழுத்துங்க"ன்னு கேட்டிருக்கும், யாரோ அழுத்தியிருப்பாங்க. நிஜமான கேப்சா, அதாவது நீங்க மனுஷன்தானான்னு சோதிக்கற பெட்டி, என்ன பண்ணும்னா பேஜுக்குள்ளயே ஒரு கட்டத்துல டிக் பண்ணச் சொல்லும், படத்தை தேர்ந்தெடுக்கச் சொல்லும், மேல அட்ரஸ் பாரை ஒட்டி பிரவுசர் காட்டுற அலவ் பட்டனை அழுத்தச் சொல்லவே சொல்லாது. இந்த ஒரு வித்தியாசத்தை வீட்ல கம்ப்யூட்டர் தொடுற எல்லாருக்கும் காட்டி வைங்க, பாதிப் பிரச்சனை வராமலே போயிடும்.

ஒருதடவை அலவ் கொடுத்தாச்சுன்னா அந்த சைட்டை மூடினாலும் வரும், திரும்ப அந்தப் பக்கமே போகலன்னாலும் வரும். 2015ல குரோம் 42ல இந்த புஷ் வசதி வந்துச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல அடுத்த வருஷ ஆரம்பத்துல 44ஆவது வெர்ஷன்ல வந்துச்சு, இதுல பேஜ் திறந்திருக்கணும்னு அவசியமே இல்ல. சைட் அனுப்புறது பிரவுசர் கம்பெனியோட புஷ் சர்வர் வழியா உங்க பிரவுசருக்கு வரும், அந்த சைட் முன்னாடியே விட்டுட்டுப் போன சர்வீஸ் வொர்க்கர்ங்கற சின்ன ஸ்கிரிப்ட் முழிச்சு அதைக் காட்டும். மெயிலுக்கும் சாட்டுக்கும் நல்லதுக்குன்னு வந்த வசதிதான், அதையே ஏமாத்துறவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. அதனால பயப்படாதீங்க, அனேகமா உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறது வைரஸ் இல்ல, கொடுத்துட்ட ஒரு பர்மிஷன், அதை எடுத்துட்டா முடிஞ்சுது.

குரோம்ல எடுக்கற வழி. வலது மேல மூணு புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அதுல நோட்டிஃபிகேஷன்ஸ். பேஜ்ல கொஞ்சம் கீழ இறங்குங்க, அனுப்பக் கூடாதுன்னு தடுத்த சைட் ஒரு லிஸ்ட், அனுப்பலாம்னு விட்ட சைட் ஒரு லிஸ்ட். ரெண்டாவது லிஸ்ட்டை நிதானமா ஒவ்வொரு வரியா படிங்க. உங்க மெயில், காலண்டர், ஆபீஸ் சாட் பேரெல்லாம் பாத்ததும் தெரியும். மிச்சத்துல எழுத்தும் நம்பரும் கலந்து வாயில நுழையாத பேரா சிலது இருக்கும், ஒரே பேர் முன்னாடி வேற வேற எழுத்தோட நாலஞ்சு தடவை வரிசையா நிக்கும், அதுதான். பக்கத்துல இருக்க மூணு புள்ளியை அழுத்தினா பிளாக், எடிட், ரிமூவ்னு வரும். ரிமூவ் பண்ணினா லிஸ்ட்ல இருந்து போயிடும் ஆனா அந்த சைட் திரும்ப உங்ககிட்ட கேக்கலாம், பிளாக் பண்ணினா கேக்கவும் முடியாது. எனக்கு பிளாக்தான் சரின்னு படுது. ஹிஸ்டரி அழிச்சா போயிடும்னு சிலர் அதை மட்டும் அழிச்சுட்டு விட்டுடறாங்க, ஹிஸ்டரி வேற பர்மிஷன் வேற, இந்த லிஸ்ட்லதான் கை வைக்கணும்.

எட்ஜும் கிட்டத்தட்ட இதேதான், செட்டிங்ஸுக்குள்ள சைட் பர்மிஷன்ஸ்னு இருக்கும், பழைய வெர்ஷன்ல அது குக்கீஸ் அண்ட் சைட் பர்மிஷன்ஸ்ங்கற தலைப்புல இருக்கும், உள்ள நோட்டிஃபிகேஷன்ஸ். ஃபயர்ஃபாக்ஸ்ல செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழ பர்மிஷன்ஸ் பகுதியில நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்து செட்டிங்ஸ் பட்டன், இதுல சைட்டை எடுத்துட்டு அப்படியே மூடிடாதீங்க, சேவ் சேஞ்சஸ் அழுத்தினாதான் எடுத்தது எடுத்ததா இருக்கும். சஃபாரில செட்டிங்ஸ், வெப்சைட்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ்.

ஏற்கனவே அந்த மெசேஜை அழுத்திட்டீங்கன்னா, வெறுமனே ஒரு பேஜ் திறந்து மூடிட்டீங்கன்னா அனேகமா ஒண்ணும் ஆயிருக்காது. எதையாவது டவுன்லோட் பண்ணி போட்டிருந்தா செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ்ல தேதி வாரியா வரிசைப்படுத்தி அன்னிக்கு வந்ததை எடுத்துட்டு, விண்டோஸ் செக்யூரிட்டில ஃபுல் ஸ்கேன் ஓட விடுங்க. யாரோ போன்ல பேசி உங்க ஸ்கிரீனை அவங்க கையில எடுத்திருந்தா விஷயம் பெருசு, முதல்ல இன்டர்நெட்டை துண்டிங்க, அவங்க போட வச்ச ரிமோட் சாஃப்ட்வேரை எடுங்க, பாஸ்வேர்டெல்லாம் வேற ஒரு கம்ப்யூட்டர்லயோ போன்லயோ இருந்து மாத்துங்க, கார்டு விவரம் சொல்லியிருந்தா கார்டு பின்னாடி அச்சடிச்சிருக்க நம்பருக்கு கூப்பிட்டு உடனே பேங்க்ல சொல்லுங்க. இதுல வெக்கப்பட்டு மறைக்காதீங்க, சொல்ல லேட் ஆகற ஒவ்வொரு நிமிஷமும் அவங்களுக்குதான் லாபம்.

ஸ்கிரீன் பூரா எச்சரிக்கை, சத்தம், கூடவே ஒரு போன் நம்பர்

இது நோட்டிஃபிகேஷன் இல்ல, ஃபுல் ஸ்கிரீன்ல திறந்த ஒரு வெப் பேஜ், அதனால நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸ்ல தேடி பிரயோஜனம் இல்ல. எஸ்கேப் கீயை சும்மா தட்டாம அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க, ஃபுல் ஸ்கிரீன் விலகும், அப்புறம் டேபை மூடுங்க. விலகலன்னா எஃப்11, இல்ல ஆல்ட்டும் எஃப்4ம். அதுக்கும் அசையலன்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை செலக்ட் பண்ணி எண்ட் டாஸ்க். திரும்ப திறக்கும்போது பழைய பேஜையெல்லாம் ரீஸ்டோர் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, சரின்னா அதே பேஜ் வந்து நிக்கும். அந்த நம்பருக்கு மட்டும் கூப்பிடாதீங்க. மைக்ரோசாஃப்ட்டோட எரர் மெசேஜ் எதுலயும் போன் நம்பர் இருக்காதுன்னு அவங்களே தெளிவா சொல்லியிருக்காங்க.

எடுத்துட்டேன், ஆனா திரும்ப வருது

இதுக்கு நாலஞ்சு காரணம் உண்டு, வரிசையா பாத்துட்டு வாங்க. அதிகமா நடக்கறது, வேற புரொஃபைல். குரோம்ல வலது மேல வட்டமா ஒரு படம் இருக்கே, அதை அழுத்தினா எத்தனை புரொஃபைல் இருக்குன்னு தெரியும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பர்மிஷன் லிஸ்ட், ஒண்ணுல எடுத்தது இன்னொண்ணுல போகாது. அதே மாதிரி நீங்க குரோம்ல தேடிட்டு இருப்பீங்க, பெட்டி மேல எட்ஜ்னு போட்டிருக்கும். அதுக்குத்தான் மேல் ஓரத்தை பாருங்கன்னு சொன்னது.

புரொஃபைலும் இல்லன்னா எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசர்ல கூடுதலா போட்டுக்கற சின்ன சாஃப்ட்வேர். மொத்தத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க, நின்னுடுச்சுன்னா ஒவ்வொண்ணா ஆன் பண்ணிக்கிட்டே வாங்க, எது ஆன் ஆனதும் திரும்ப வருதோ அதை எடுத்துடுங்க. கூப்பன் தேடித் தர்றேன், பிடிஎஃப் மாத்தித் தர்றேன், சர்ச்சை வேகமாக்கறேன்னு எப்பவோ போட்டு மறந்து போனதை முதல்ல சந்தேகப்படுங்க.

குரோம் மூணு புள்ளி மெனுவோட அடியில "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்"னு ஒரு வரி இருக்கான்னும் பாருங்க. ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டர்னா அது சகஜம், ஆபீஸ் ஐடி ஆளுங்க வச்சது, நீங்க மாத்த முடியாது, அவங்ககிட்டதான் சொல்லணும். சொந்த கம்ப்யூட்டர்ல இருந்தா ஏதோ ஒரு சாஃப்ட்வேர் பிரவுசருக்கு பாலிசி, அதாவது நீங்க மாத்த முடியாத கட்டுப்பாடு, போட்டு வச்சிருக்குன்னு அர்த்தம். சில ஆன்டிவைரஸும் குழந்தைங்க கண்ட்ரோல் சாஃப்ட்வேரும் கூட இப்படி போடும், அதனால உடனே பதறாதீங்க, ஆனா அந்த மாதிரி எதுவும் நீங்க போடலன்னா சமீபத்துல வந்த சாஃப்ட்வேரை எடுத்துட்டு ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்க.

எதுக்கும் மசியலன்னா குரோம் செட்டிங்ஸ்ல ரீசெட் செட்டிங்ஸ் இருக்கு. புக்மார்க்கும் ஹிஸ்டரியும் சேவ் பண்ணின பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும், எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஆஃப் ஆகும், சைட்டுக்கு கொடுத்த பர்மிஷன் போயிடும்.

பிரவுசரை மூடின பிறகும் வருது

குரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம்னு ஒரு பகுதி, குரோமை மூடினாலும் பேக்கிரவுண்ட் ஆப்ஸ் ஓடட்டும்ங்கற ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க. எட்ஜ்ல சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்ல இதே ஸ்விட்ச் இருக்கு, கூடவே ஸ்டார்ட்அப் பூஸ்ட்டும் இருக்கும், அதையும் ஆஃப் பண்ணிடலாம், எட்ஜ் திறக்க கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

எந்த சைட்டுக்கு போனாலும் அலவ் பண்ணவான்னு கேக்குது

அதே நோட்டிஃபிகேஷன்ஸ் பேஜோட மேல, சைட் எதுவும் கேக்கவே கூடாதுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, நான் எல்லா கம்ப்யூட்டர்லயும் அதைத்தான் வைக்கச் சொல்வேன். நீங்க ஏற்கனவே அலவ் கொடுத்து வச்ச மெயிலும் காலண்டரும் லிஸ்ட்ல இருக்கறவரைக்கும் வழக்கம்போல வரும், புதுசா எவனும் வந்து கேக்க மாட்டான். அவ்வளவு கண்டிப்பா வேண்டாம்னா சத்தமில்லாம ஒரு மணி ஐகானை மட்டும் காட்டுற ஆப்ஷன் குரோம்ல 2020ல 80ஆவது வெர்ஷன்ல வந்துச்சு, அதை வச்சுக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் அதே வருஷம் ஜனவரில 72ஆவது வெர்ஷன்ல இருந்து நீங்க பேஜ்ல எதையும் தொடாத வரைக்கும் இந்தக் கேள்வியை முன்னாடி காட்டறதையே நிறுத்திடுச்சு, இருந்தாலும் அந்த பர்மிஷன்ஸ் பெட்டியோட அடியில புது கோரிக்கையெல்லாம் பிளாக் பண்ணுங்கற கட்டத்துல டிக் பண்ணிடுங்க, முழுசா நின்னுடும்.

ஒரே மெசேஜ் ரெண்டு தடவை மூணு தடவை வருது

குரூப்ல யாரோ குட் மார்னிங் போட்டா மூலையில ஒண்ணு மேல ஒண்ணா மூணு பெட்டி அடுக்கும், மூணுலயும் அதே வரி. ஒவ்வொண்ணோட மேல் ஓரத்தையும் படிங்க. ஒண்ணுல வாட்ஸ்அப்னு இருக்கும், அது கம்ப்யூட்டர்ல போட்டிருக்க ஆப். இன்னொண்ணுல குரோம்னு இருக்கும், அது எப்பவோ திறந்து வச்ச வாட்ஸ்அப் வெப் டேப். மூணாவதுல போன் லிங்க்னு இருக்கும், அது உங்க போனுக்கு வர்றதை அப்படியே கம்ப்யூட்டருக்கு கொண்டு வர்ற விண்டோஸ் ஆப். எது ஒண்ணு வேணும்னு முடிவு பண்ணிட்டு மத்த ரெண்டை நிறுத்துங்க. ஆப் இருந்தா டேபுக்கு பர்மிஷனே வேண்டாம், லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. போன் லிங்க்ல கியர் ஐகானை அழுத்தி ஃபீச்சர்ஸ்க்குள்ள போனா நோட்டிஃபிகேஷனை மொத்தமாவும் ஆஃப் பண்ணலாம், எந்த எந்த போன் ஆப்போடது வரணும்னு தனித்தனியாவும் தேர்ந்தெடுக்கலாம், ஓடிபி வர்ற மெசேஜஸ் ஆப்பை மட்டும் விட்டுட்டு மத்ததை எடுத்தா அது ஒரு நல்ல ஏற்பாடு.

மெயிலும் இதே கதைதான், ஜிமெயில் டேப் ஒண்ணு, அவுட்லுக் ஒண்ணு. ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஜெனரல்ல டெஸ்க்டாப் நோட்டிஃபிகேஷன்ஸ்னு மூணு ஆப்ஷன் இருக்கு, எல்லா மெயிலுக்கும், முக்கியமானதுக்கு மட்டும், எதுவும் வேண்டாம். நடுவுல இருக்கறது நிறைய பேருக்கு பொருந்தும். பழைய அவுட்லுக்ல ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில்ல மெசேஜ் அரைவல் பகுதியில டெஸ்க்டாப் அலர்ட் டிக்கை எடுங்க, புது அவுட்லுக்ல செட்டிங்ஸ், ஜெனரல், நோட்டிஃபிகேஷன்ஸ்.

டீம்ஸ், ஸ்லாக் மாதிரி ஆபீஸ் சாட்டை விண்டோஸ்ல போய் நிறுத்தாதீங்க, அங்க நிறுத்தினா உங்களை பேர் சொல்லி கூப்பிடறதும் சேந்து போயிடும். ஆப்புக்குள்ளயே போய் சத்தம் அதிகமா இருக்க சேனலையும் குரூப்பையும் மட்டும் மியூட் பண்ணுங்க, நேரா உங்களுக்கு அனுப்பினதும் பேர் குறிப்பிட்டதும் வரட்டும்.

விண்டோஸே ஏதாவது யோசனை சொல்லிக்கிட்டே இருக்கு

செட்டப்பை முடிங்க, இதை முயற்சி பண்ணுங்க, அதுக்கு சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு வர்றது. விண்டோஸ் கீயும் ஐ எழுத்தும் அழுத்தி செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ். ஆப் லிஸ்ட்டை எல்லாம் தாண்டி ஒரேடியா கீழ இறங்குங்க, அடிஷனல் செட்டிங்ஸ்னு மூடி இருக்கும், அதைத் திறந்தா மூணு டிக், அப்டேட்டுக்கு அப்புறம் வெல்கம் ஸ்கிரீன் காட்டுறது ஒண்ணு, செட்டப்பை முடிக்கச் சொல்றது ஒண்ணு, டிப்ஸ் கொடுக்கறது ஒண்ணு. மூணையும் எடுத்துடுங்க, ஒரு நஷ்டமும் இல்ல. இது அவ்வளவு அடியில இருக்கறதாலதான் பல பேர் கண்ணுலயே படறதில்ல.

மிச்சம் வேற வேற இடத்துல ஒளிஞ்சிருக்கும். ஸ்டார்ட் மெனுவுல உங்க அக்கவுண்ட் படத்துக்கிட்ட வர்ற புள்ளிக்கு பர்சனலைசேஷன், ஸ்டார்ட்ல அக்கவுண்ட் சம்பந்தப்பட்ட நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணணும். ஃபைல் எக்ஸ்புளோரர் உள்ளயே விளம்பரம் மாதிரி வந்தா எக்ஸ்புளோரர் ஆப்ஷன்ஸ், வியூ டேப்ல சிங்க் புரொவைடர் நோட்டிஃபிகேஷன்ஸ் டிக்கை எடுங்க. இதே நாள்ல எடுத்த பழைய போட்டோன்னு ஒன்டிரைவ் காட்டுறது அதோட சொந்த செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ்ல இருக்கு. டாஸ்க்பார்ல ஐகான் ஆரஞ்சு கலர்ல மின்னிக்கிட்டே இருந்தா பர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்ல ஃபிளாஷிங்கையும், ஐகான் மேல நம்பர் காட்டுற பேட்ஜையும் ஆஃப் பண்ணலாம்.

ஸ்கேன் முடிஞ்சுது எதுவும் இல்லன்னு அடிக்கடி வர்ற விண்டோஸ் செக்யூரிட்டி மெசேஜுக்கு அந்த ஆப்புக்குள்ள செட்டிங்ஸ், மேனேஜ் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் ஸ்கேன் ரிசல்ட்டை மட்டும் எடுங்க. ஆபத்து கண்டுபிடிச்சா சொல்றதை கண்டிப்பா விட்டு வைங்க.

பாப்அப் வருது, ஆனா எந்த லிஸ்ட்லயும் அதோட பேர் இல்ல

லேப்டாப்போட சேந்து வர்ற ட்ரையல் ஆன்டிவைரஸ், பிரிண்டர் சாஃப்ட்வேர், டிரைவர் அப்டேட்டர் இதெல்லாம் விண்டோஸ்கிட்ட கேக்காம தானே ஒரு விண்டோவை திறந்து காட்டும், அதனால விண்டோஸ் ஸ்விட்ச் எதுக்கும் கட்டுப்படாது. ட்ரையல் முடிஞ்ச ஆன்டிவைரஸை வச்சிருக்கறதுல ஒரு பாதுகாப்பும் இல்ல, இன்ஸ்டால்டு ஆப்ஸ்ல போய் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தானாவே ஆன் ஆயிடும். பிரிண்டர் மாதிரி சாஃப்ட்வேர் வேணும் ஆனா தொல்லை வேண்டாம்னா டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் ஆப்ஸ்ல அதை டிசேபிள் பண்ணுங்க, பிரிண்ட் பொதுவா அதுபாட்டுக்கு வரும்.

யாரோடதுன்னே கண்டுபிடிக்க முடியாத பாப்அப்புக்கு ஒரு அருமையான வழி இருக்கு. மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்புல புராசஸ் எக்ஸ்புளோரர்னு ஒரு இலவச டூல், அதோட டூல்பார்ல குறி வைக்கற வட்டம் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அந்த பாப்அப் மேல விடுங்க, அதைத் திறந்த புரோகிராமை லிஸ்ட்ல செலக்ட் பண்ணி காட்டிடும். ரைட் கிளிக் பண்ணி புராப்பர்ட்டீஸ் பாத்தா எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு முழு விலாசமும் கிடைக்கும்.

காலண்டர் ரிமைண்டரா பரிசு விழுந்துருக்குன்னு வருது

இது பிரவுசர் பர்மிஷன் இல்ல, யாரோ உங்க மெயில் ஐடிக்கு மீட்டிங் இன்வைட் அனுப்பியிருக்காங்க, கூகுள் காலண்டர் அதை தானா சேத்துக்கிட்டு நேரம் ஆனதும் நினைவுபடுத்துது. அந்த இன்வைட்டுக்கு யெஸ்ஸும் நோவும் அழுத்தாதீங்க, பதில் போனா இந்த ஐடில ஆள் இருக்குன்னு அவங்களுக்கு தெரிஞ்சுடும், ஸ்பேம்னு ரிப்போர்ட் பண்ணுங்க. அப்புறம் காலண்டர் செட்டிங்ஸ், ஈவென்ட் செட்டிங்ஸ்ல இன்விடேஷனை சேக்கறது எப்படிங்கற இடத்துல தெரிஞ்சவங்க அனுப்பினா மட்டும்னு மாத்துங்க.

பெட்டி எதுவும் இல்ல, சத்தம் மட்டும் வருது

பெட்டி வேணும் சத்தம் வேண்டாம்னா அதே நோட்டிஃபிகேஷன்ஸ் பேஜ்ல சவுண்டை மட்டும் ஆஃப் பண்ணலாம். ஆனா லிஸ்ட்ல எதுவுமே இல்லாம டிடிங், டிடிங்னு ஏறி இறங்குற மாதிரி ரெண்டு சுரத்துல வந்தா அது யுஎஸ்பி விட்டு விட்டு கனெக்ட் ஆகற சத்தம். மவுஸ், ஹார்ட் டிஸ்க், ஹப் இதோட கேபிளை கொஞ்சம் அசைச்சுப் பாருங்க, லூஸா இருக்கறது தெரியும். வெளி ஹார்ட் டிஸ்க்னா சத்தத்தை ஆஃப் பண்ணிட்டு விட்டுடாதீங்க, காப்பி ஆகும்போது அறுந்தா ஃபைல் கெடும், கேபிளை மாத்துங்க.

ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது எல்லார் முன்னாடியும் வருது

விண்டோஸ் 11ல நோட்டிஃபிகேஷன் லிஸ்ட்டைத் திறந்தா மேல மணி ஐகான், அதை அழுத்தினா டு நாட் டிஸ்டர்ப், விண்டோஸ் 10ல இதுக்கு ஃபோகஸ் அசிஸ்ட்னு பேர். ஒவ்வொரு தடவையும் கையால ஆன் பண்ண மறந்துடும்னா ஸ்கிரீனை டூப்ளிகேட் பண்ணும்போதும் ஃபுல் ஸ்கிரீன்ல ஆப் ஓடும்போதும் தானா ஆன் ஆகற மாதிரி அதே செட்டிங்ஸ்ல வைக்கலாம். மீட்டிங் ஆப்ல ஷேர் பண்ணும்போது மொத்த ஸ்கிரீனை விட ஒரு விண்டோவை மட்டும் ஷேர் பண்றது இன்னும் நல்லது. லாக் ஸ்கிரீன்ல மெசேஜ் உள்ளடக்கம் தெரியுதுன்னா ஆப் பேரை அழுத்தி உள்ள போய் லாக் ஸ்கிரீன்ல மறைக்கற ஸ்விட்ச்சை ஆன் பண்ணுங்க.

மேக்ல

சிஸ்டம் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், வென்சுராங்கற மேக்ஓஎஸ் வெர்ஷனுக்கு முன்னாடி உள்ளதுல சிஸ்டம் பிரிஃபரன்சஸ். ஆப் ஆப்பா இருக்கும், பேனர் வேணுமா, சத்தம் வேணுமா, ஐகான் மேல நம்பர் வேணுமான்னு தனித்தனியா எடுக்கலாம். ஸ்கிரீனை ஷேர் பண்ணும்போது காட்டாதேன்னு சொல்ற ஸ்விட்ச்சும் அதே பேஜ்லதான். 2024ல வந்த செக்கோயா வெர்ஷன்ல இருந்து ஐபோன் நோட்டிஃபிகேஷனும் மேக்ல வரும், திடீர்னு எல்லாம் ரெட்டிப்பாச்சுன்னா முதல்ல இதைப் பாருங்க. பேக்கிரவுண்ட் ஐட்டம் சேந்துச்சுன்னு மேக் சொன்னா அதை மட்டும் தள்ளி விடாதீங்க, ஜெனரல், லாகின் ஐட்டம்ஸ் போய் என்ன சேந்துச்சுன்னு ஒருதடவை பாத்துடுங்க. சஃபாரில சைட் எதுவும் பர்மிஷன் கேக்கக் கூடாதுன்னா வெப்சைட்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் பேஜோட அடியில உள்ள டிக்கை எடுத்தா போதும்.

எல்லாம் நிறுத்தினேன், இப்ப வேண்டியதும் வரல

முதல்ல டு நாட் டிஸ்டர்ப் ஆன்ல இருக்கான்னு பாருங்க, டாஸ்க்பார்ல மணிக்குள்ள தூங்குற குறி இருந்தா ஆன்ல இருக்குன்னு அர்த்தம். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் முதல் ஒரு மணி நேரத்துக்கு அது தானாவே ஆன் ஆகற ஆப்ஷனும் இருக்கு, அன்னிக்கு மட்டும் வரலன்னா காரணம் அதுதான். அடுத்து நோட்டிஃபிகேஷன்ஸ் பேஜோட மெயின் ஸ்விட்ச், அடுத்து அந்த ஆப்போட ஸ்விட்ச், அடுத்து ஆப்புக்குள்ள இருக்க செட்டிங்ஸ். சைட்டா இருந்தா பிரவுசர்ல அலவ்னு இருந்தும் விண்டோஸ்ல குரோமே ஆஃப்ல இருந்தா எதுவும் வராது, ரெண்டு பக்கமும் ஆன்ல இருக்கணும். அப்படியே அந்த லிஸ்ட்லயே காலண்டர், விண்டோஸ் செக்யூரிட்டி, பேக்கப் சாஃப்ட்வேர் மூணும் ஆன்ல இருக்கான்னு ஒருதடவை பாத்துட்டு மூடுங்க.